என் தப்பை என்கிட்ட சொல்லு

பதவி உயர்வுத் தேர்வுக்கு முன்னால் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கு என்று தனியாக ஒரு பயிற்சி வகுப்பை வங்கிகள் நடத்துவது வழக்கம். போன வருஷம் நானும் போனேன். ஏ.சி. ஹால், தண்ணீர் பாட்டில், நோட்டுப் புத்தகம், இருபத்து மூன்று பேர். எல்லாரும் நம்ம ஆட்கள். பக்கத்து நாற்காலிக்காரன் என்ன சாதியென்று யாரும் யாரையும் மோப்பம் பிடிக்காத அறையில் உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு என்று தோன்றியது. (அப்படியும் முழுசாச் சொல்லிவிட முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

முதல் நாள் கடன், வட்டி, வராக்கடன். இரண்டாம் நாள் 'தலைமைப் பண்பு'. பயிற்சியாளர் நல்ல மனுஷன்தான், குரல் உயர்த்தாதவர். நாளைக்கு நீங்கள் மேனேஜர் ஆகிவிட்டால், கீழே வேலை செய்கிறவரிடம் குறையை எப்படிச் சொல்வது என்பது பாடம். திரையில் ஒரு சாண்ட்விச் படம் வந்தது. மேல் ரொட்டி பாராட்டு. நடுவில் குறை. கீழ் ரொட்டி மறுபடியும் பாராட்டு. "நாய்க்கு மாத்திரைய இட்லிக்குள்ள வெச்சுக் குடுக்கிற மாதிரி" என்று என் காதருகில் ஒருவர் முணுமுணுத்தார். அப்புறம் பயிற்சியாளர் வரிசையாகச் சொன்னார்: ஆளைக் குறை சொல்லாதே, செயலைச் சொல். நாலு பேர் முன்னால் சொல்லாதே, தனியாகக் கூப்பிட்டுச் சொல். ஆறு மாசம் மூட்டை கட்டி வைக்காதே, உடனே சொல். அவன் பக்கத்து நியாயத்தையும் கேள்.

சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கேட்டார்:

"சார், இதுவரைக்கும் எங்களுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லையே. கேட்டுப் பழகாத ஒண்ண நாங்க எப்படி சார் சொல்லிப் பழகறது?"

பயிற்சியாளர் சிரித்தார். நல்ல கேள்வி என்றார். டீ இடைவேளை விட்டார்.

அந்தக் கேள்வியை நான் விடுவதாக இல்லை.

தோழர்களே, மேலாண்மைப் புத்தகம் எல்லாம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே நம்பிக்கொண்டு எழுதப்படுகிறது: மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன், இந்தப் பக்கமும் ஒரு மனுஷன். இந்த நாட்டு ஆபீஸ் மேசை அப்படிப்பட்டதல்ல. அதன் குறுக்கே ஊரையும் சேரியையும் பிரிக்கிற கோடு ஓடுகிறது. நம்மிடம் குறை வந்து சேர்வதற்கு இரண்டே வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஊர் பார்க்கக் கத்துவது. இன்னொன்று, வாயையே திறக்காமல் இருப்பது. முதலாவதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். இரண்டாவதைத்தான் அடையாளம் காணத் தவறிவிட்டோம் என்பது என் வாதம்.

கத்துவது எப்படி என்று என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாசம். சாயங்காலம் கேஷ் முடித்துப் பார்த்தால் இரண்டாயிரம் குறைகிறது. ஐநூறு ரூபாய்க் கட்டில் நாலு நோட்டு. மேனேஜர் கேபினை விட்டு வெளியே வந்து, ஹால் நடுவில் நின்று, மகளிர் குழுப் பெண்கள் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "எண்ணத் தெரியாதவனை எல்லாம் கோட்டாவுல அனுப்பி வெச்சா பேங்க் உருப்புடுமா?" என்றார். இரண்டாயிரத்தைக் கையிலிருந்து கட்டினேன். அது கேஷியர் தலையெழுத்து, யாராக இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். அடுத்த மாசம் பக்கத்துக் கவுண்டர்காரருக்குப் பத்தாயிரம் குறைந்தது. அவரைக் கேபினுக்குள் கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி வரவழைத்து, "புது நோட்டு ஒட்டிக்கும்பா. மெஷின்ல போடறதுக்கு முன்னாடி கட்டைக் கையால விசிறி விட்டுடு. அப்புறம் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை ஓட்டு" என்று சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அதற்குப் பிறகு குறையவில்லை. எனக்கும் குறையவில்லை, ஏனென்றால் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. ஏகலைவனுக்காவது ஒரு மண் சிலை இருந்தது. எனக்குக் கதவிடுக்கு.

ஒரே தப்பு. அவருக்குத் தொழில் கிடைத்தது, எனக்குச் சாதி கிடைத்தது.

இது இன்று நேற்றுக் கதையல்ல. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தலைப்பிட்டு எழுதிவைத்த நினைவுகளில் ஒரு இளைஞன் வருகிறான். துப்புரவுச் சாதியில் பிறந்து, படித்துத் தேறி, 1936-இல் குஜராத்தின் கேடா மாவட்டம் போர்சாத் தாலுகாவில் தலாத்தி வேலைக்குப் போனவன். கிராமக் கணக்குப் பார்க்கிற வேலை. முதல் நாளே ஆபீஸ் குமாஸ்தா எட்டி நில்லுடா என்று கத்துகிறான். குடிக்கத் துருப்பிடித்த தகரக் குவளை தனியாக. கடைசியில் மிரட்டல் தாங்காமல் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரிடம் திரும்புகிறான். அந்த ஆபீசில் அவனுக்கு ஒரு பதிவேட்டை எப்படி எழுதுவதென்று யார் சொல்லியிருப்பார்கள்? எட்டி நிற்கிறவனிடம் நோட்டைக் காட்டி "இந்த வரியில இங்க தப்பு" என்று எப்படிச் சொல்வது? விரல் வைத்துக் காட்ட வேண்டுமே, பக்கத்தில் வரவேண்டுமே.

இனி மௌனத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு இளம் அதிகாரி. நம்ம பையன், முதல் தலைமுறைப் பட்டதாரி. கடன் பிரிவில் போட்டார்கள். கடன் பரிசீலனைக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவான். இரண்டு வருஷம் ஒரு குறிப்பும் திரும்பி வரவில்லை. நாம்தான் சரியாக எழுதுகிறோம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் அவனுடைய மேனேஜர் ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் தானே மாற்றி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நடைமுறை மூலதனக் கணக்கில் அவன் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. வருஷக் கடைசியில் மதிப்பீட்டு அறிக்கையில் மட்டும் 'தொழில் அறிவு போதாது' என்று எழுதினார். ஏன் சார் நேரா சொல்லியிருக்கலாமேன்னு யூனியன்காரர்கள் போய்க் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "எதுக்குப்பா வம்பு. அவங்ககிட்ட ஏதாவது சொன்னா பி.சி.ஆர். போட்டுடுவாங்க."

இந்த வாசகத்தை எத்தனை ஆபீசில் கேட்டிருப்போம். பி.சி.ஆர். என்பது 1955-ஆம் வருஷத்துச் சட்டம். இவர்கள் பயப்படுவதாகச் சொல்வது 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு. பயப்படுகிற சட்டத்தின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாத பயம் இது! அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பட்டியல் சாதி, பழங்குடி ஆளை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் அவமதித்தால் குற்றம். அதாவது, ஊர் பார்க்கத் திட்டாதே. ஏ.சி. ஹாலில் பயிற்சியாளர் சொன்ன இரண்டாவது விதியும் அதுதானே? தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கணக்கு தப்பு" என்று சொன்ன எந்த மேனேஜரையும் இந்தச் சட்டம் தொடாது. பயம் சட்டத்தின் மேல் அல்ல. சாதி சொல்லாமல் தப்பை மட்டும் சொல்வது எப்படி என்று இவர்களுக்குத் தெரியாது. அந்த இரண்டையும் பிரித்துப் பேசி இவர்கள் நாக்குக்குப் பழக்கமில்லை.

ரகசியக் குறிப்பு என்ற ஒற்றைக் காகிதத்திலிருந்து எவ்வளவு ரத்தம் சிந்த முடியும் என்பதற்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கராட் என்ற ஊர். அங்கே மருந்தியல் கல்லூரி ஒன்றில் வேலை செய்த தலித் ஊழியரின் ஆண்டு ரகசிய அறிக்கையில், அவருடைய நேர்மையும் நடத்தையும் சரியில்லை என்று மேலே இருந்தவர்கள் எழுதினார்கள். 2006-இல் அவர் போலீசில் புகார் கொடுத்தார். வழக்குத் தொடர அனுமதி கேட்டபோது உயரதிகாரி மறுத்தார். மறுத்தவர் மேலும் புகார். அந்த வழக்குதான் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 மார்ச் 20-இல் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லையே பிடுங்கிய தீர்ப்பாக வந்தது. ஏப்ரல் 2 நாடு தழுவிய கடையடைப்பு. வடக்கே உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1-இல் நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தம் செல்லும் என்றது. அந்த முதல் குறிப்பு நியாயமா அநியாயமா என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒன்றே ஒன்றைப் பாருங்கள். ஒரு மனுஷனின் நடத்தையைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் எழுதுகிற ஏற்பாட்டில் தொடங்கி, தெருவில் பிணம் விழுகிற வரைக்கும் வந்திருக்கிறது.

பின்னால் எழுதுவது கூடாது என்பதற்கும் தீர்ப்பு உண்டு, தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைப்புறச் சாலைப் பொறியியல் துறையில் தேவ் தத் என்ற நிர்வாகப் பொறியாளர். 1993-94-க்கான அவருடைய அறிக்கையில் 'நன்று' என்று இருந்தது. திட்டு இல்லை, 'நன்று'தான். ஆனால் பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டுமாம். அந்த 'நன்று' அவரிடம் சொல்லப்படவே இல்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும், இது பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். 2009 மே மாசம் மத்திய அரசு உத்தரவு போட்டது, முழு அறிக்கையையும் காட்டு, மறுத்து எழுதப் பதினைந்து நாள் கொடு என்று. 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்தது. நம்மில் எத்தனை பேர் நம் அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறோம்? பார்த்து, எத்தனை பேர் பதில் எழுதியிருக்கிறோம்? ஹாலில் இருந்த இருபத்து மூன்று பேரில் பதவி உயர்வுக்கு வந்திருந்த அதிகாரிகளைக் கேட்டேன். ஒருவர் கைதூக்கினார்.

இதற்குமேல்தான் விஷயமே இருக்கிறது. அரசியல் சட்டம் 335-ஆம் பிரிவு, நமக்கு வேலை கொடுக்கும்போது 'நிர்வாகத் திறன்' கெடாமல் பார்த்துக்கொள் என்கிறது. 2000-இல் திருத்தம் வந்து, பதவி உயர்வில் மதிப்பெண்ணையும் மதிப்பீட்டு அளவையும் தளர்த்தலாம் என்று சேர்த்தார்கள். வந்த நாளிலிருந்து இந்தத் திறன் என்ற சொல்லை வைத்து நம்மை அடிக்கிறார்கள். திறமை எங்கிருந்து வருகிறது ஐயா? ரத்தத்திலிருந்தா? ஆபீஸ் திறமை என்பது பத்து வருஷம் தினம் நாலு தடவை "இப்படி இல்லப்பா, இப்படி" என்று யாரோ பக்கத்தில் நின்று சொன்னதன் கூட்டுத்தொகை. அது கேபினில் கிடைக்கிறது, மதியச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது, சொந்தக்காரன் கல்யாணப் பந்தியில் கிடைக்கிறது. "அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன், அந்த ஃபைலைச் சரிபண்ணி வெச்சுக்கோ" என்று ராத்திரி போனில் கிடைக்கிறது. இந்தப் பேச்சு ஓடுகிற வாய்க்காலில் நமக்கு மடை கிடையாது. தண்ணி விடாமல் வைத்துவிட்டு, பயிர் காய்ந்த நிலத்தைப் பார்த்து, மண்ணே மலட்டு மண் என்கிறான். குவளையைத் தனியாக வைத்தால் தீண்டாமை என்று புரிகிறது. சொல்லைத் தனியாக வைத்தால் மட்டும் அது பெருந்தன்மையா?

இடதுசாரித் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இதெல்லாம் நிர்வாகத்தோட தந்திரம் தோழர். ஃபீட்பேக்குன்னு இனிப்புத் தடவி உழைப்பைப் பிழியறான்" என்றார். பாதி உண்மை. இன்சூரன்ஸ் விற்கலையா, டார்கெட் முடியலையா என்று தினம் பிழிகிறார்கள். 2023-இல் ஒரு வங்கி அதிகாரி இணையவழிக் கூட்டத்தில் கீழே உள்ளவர்களைக் கத்தித் திட்டிய படம் நாடெல்லாம் சுற்றியது, பார்த்தோம். ஆனால் தோழர், பிழியப்படுவதற்குக்கூட உங்கள் ஆளைக் கேபினுக்குள் உட்காரவைத்துப் பிழிகிறான். எங்களை வெளியே நிற்கவைத்து.

ஆபீசை விடுங்கள். நான் கவிதை எழுதுகிறவன். இருபத்து நாலு வயதில் ஒரு பெரிய இலக்கியப் பத்திரிகைக்குப் பன்னிரண்டு கவிதை அனுப்பினேன். எல்லாவற்றையும் போட்டார்கள். ஆசிரியர் கடிதம் எழுதினார்: உங்கள் எழுத்தில் மண்ணின் கோபம் இருக்கிறது, அப்படியே எழுதுங்கள் என்று. மிதந்தேன். ஆறு மாசம் கழித்து நம்ம இயக்கத் தோழர் ஒருவர், டெய்லர் வேலை செய்கிறவர், டீக்கடை பெஞ்சில் அந்தப் பத்திரிகையை விரித்துவைத்துப் பென்சிலால் பதினொரு வரியை அடித்தார். ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னார். இந்த வார்த்தை உன்னோடதில்ல, இது நீ படிச்ச இன்னொருத்தனோடது. இங்க நீ அழலை, அழற மாதிரி பண்ற. இந்த ஆத்தா பேச்சு உங்க ஊர்ல இப்படி வராதே. எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. மூன்று டீ ஆறிப்போனது. ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினொன்றில் ஒன்பது சரி.

அப்போதுதான் அந்த ஆசிரியர் எனக்கு என்ன செய்தார் என்று விளங்கியது. தலித் கவிதைன்னா இப்படித்தான் இருக்கும், இதில் திருத்த என்ன இருக்கு என்று முடிவுசெய்திருக்கிறார். சாண்ட்விச்சில் நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு வெறும் ரொட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நாமும் இதைச் செய்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் அல்ல. மாலைநேர வகுப்பில் மாணவன் தப்பாகப் பேசினால் நம்ம பையன் என்று கைதட்டுகிறோம். மாவட்டப் பொறுப்பாளர் கணக்குக் காட்டாவிட்டால் எதிரிக்கு வாய்ப்பாகிவிடும் என்று வாயை மூடுகிறோம். பிறகு ஒருநாள் மொத்தமாகத் துண்டறிக்கை போட்டு நாறடிக்கிறோம். மௌனம், இல்லாவிட்டால் கத்தல். மேனேஜரிடம் கற்றுக்கொண்ட அதே இரண்டு.

அடைப்புக்குறிக்குள் ஒன்றைச் சொல்லி வைத்தேனே, அது இதுதான். எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா வருகிறார். அருந்ததியர். பகுதிநேரத் துப்புரவுப் பணியாளருக்கு மூன்றில் ஒரு பங்குச் சம்பளம், அரைச் சம்பளம், முக்கால் சம்பளம் என்று படி வைத்திருக்கிற துறை இது. அந்தப் படியில்கூடச் சேராமல் ஒப்பந்தக் கூலிக்கு வருகிறவர். நான் பறையன். நான்கு மாசம் முன்னால், கவுண்டர் கண்ணாடி துடைக்கவில்லை என்று ஹாலில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "ஏம்மா, கண்ணு தெரியலையா?" தினம் என்னைச் சார் என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. "துணி இல்ல தம்பி, மூணு நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன். உள்ள கூப்ட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். மகளிர் குழுப் பெண்கள் அன்றைக்கும் நின்றிருந்தார்கள். வேறு பெண்கள், அதே இடம்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதையும் தனியாகத்தான் கேட்டேன். திட்டினது பொதுவில், மன்னிப்பு மட்டும் ஸ்டோர் ரூமில். இதையும் அவர் சொல்லிக்காட்டினார்.

பயிற்சி முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். இப்போது இருக்கிற மேனேஜர் வந்து பத்து மாசம். அதிர்ந்து பேசாதவர், சாதி இந்து, என்னிடம் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சாயங்காலம் கேபினுக்குப் போனேன்.

"சார், என் வேலையில என்ன குறை? நேரா சொல்லுங்க."

"உங்ககிட்ட என்ன சார், எல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருக்கு."

"ஒண்ணாவது இருக்கும். சொல்லுங்க. பி.சி.ஆர். போடமாட்டேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உக்காருங்க" என்றார். பத்து மாசத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"மூணு மணிக்கு மேல நீங்க பென்ஷன் வாங்க வர்ற வயசானவங்ககிட்ட எரிஞ்சு விழறீங்க. கைநாட்டு வைக்கிறவங்ககிட்ட இன்னும் அதிகமா. நாலு பேர் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒரு பாட்டி அழுதுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல."

எனக்குக் காது சுட்டது. பென்ஷன் நாளில் கவுண்டர் முன்னால் நிற்கிற வரிசையில் பாதி நம்ம காலனி ஜனம்.

"எந்தெந்தத் தேதி சார்?" என்று கேட்டேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டைரியை எடுத்தார்.

"மொதல்ல வந்தது ஜூன்ல" என்றார். "உங்க ஊர்ப் பக்கம்னுதான் சொன்னாங்க."